குருத்தணுக் கொடையில் ஆண் பெண் வேறுபாடு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமைக்கே ஒரு புதுக்களை வந்துவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பேரருவியில் நீராடச் செல்வோர் யாவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. ஆண்களுக்கு ஒரு புறம், பெண்களுக்கு மறுபுறம் என அங்கே இடம் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்கின் பொருட்டு மனிதர் வகுத்த பிரிவு அது, வேண்டத்தக்கதும்கூட. ஆயினும் மலையிலிருந்து இறங்கும் நீர் அப்பிரிவை அறியாது.

ஆண் பெண் வேறுபாடு இயற்கையில் எங்கே உண்மையாக இருக்கிறது, எங்கே அது மனிதரின் வசதிக்காக வகுக்கப்பட்டது எனப் பிரித்தறிதல் அறிவுடைமையாகும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிர் போகும் இடங்களும் உள்ளன. அத்தகைய இடங்களுள் ஒன்று இரத்தக் குருத்தணு மாற்று மருத்துவம். 'ஸ்டெம் செல்' என நாளேடுகள் எழுதுவதையே இங்குக் குருத்தணு என்கிறோம். கொடுப்பவர் ஆணா, பெண்ணா? பெறுபவர் ஆணா, பெண்ணா? இக்கேள்வியை மருத்துவரும் கேட்கிறார். நம் வீடுகளும் கேட்கின்றன. கேள்வி ஒன்றே, கேட்கும் காரணங்கள் வேறு. அவ்வேற்றுமையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவம் வளர்ந்த வரலாறு

நம் எலும்புகளின் உள்ளே மஜ்ஜை என்னும் மென்பொருள் உள்ளது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றையும் உண்டாக்கும் தாயணுக்கள் அங்கே வாழ்கின்றன. இரத்தப் புற்றுநோயிலும், மஜ்ஜை வற்றிப்போகும் இரத்தசோகையிலும், பரம்பரையாக வரும் தலசீமியாவிலும் இத்தாயணுக்கள் கெடுகின்றன அல்லது தம் தொழிலைச் செய்யத் தவறுகின்றன. கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தாலோ கதிர்வீச்சாலோ அகற்றிவிட்டு, நலமுள்ள ஒருவரின் குருத்தணுக்களை நரம்பின் வழியே செலுத்துவதே இம்மருத்துவம். செலுத்திய அணுக்கள் தாமாகவே வழி கண்டு எலும்பினுள் புகுந்து குடியேறிவிடுகின்றன. படைத்தவனின் விந்தைகளுள் இஃதும் ஒன்று.

1950-களில் அமெரிக்க மருத்துவர் டோனால் தாமஸ் இத்துறையைத் தொடங்கி வைத்தார். அவருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1968-இல் மின்னசோட்டாவில் இராபர்ட் குட் என்பார் தலைமையில் ஐந்து மாத ஆண் குழந்தை ஒன்றுக்கு மஜ்ஜை செலுத்தப்பட்டது. நோயெதிர்ப்பு ஆற்றல் இன்றிப் பிறந்த குழந்தை அது. அக்குடும்பத்தின் ஆண் குழந்தைகள் பலர் அதே நோய்க்கு இரையாகியிருந்தனர். இவனைக் காத்தது இவனுடைய தமக்கையின் மஜ்ஜை. இரட்டையர் அல்லாதாரிடையே நிகழ்ந்து வெற்றி கண்ட மஜ்ஜை மாற்றுகளுள் முன்னோடியானது, பெண் கொடுக்க ஆண் பெற்ற மாற்றாகும். இதனை வாசகர் நினைவில் இருத்துக, பின்னர்ப் பயன்படும்.

இந்தியாவில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இம்மருத்துவம் தொடங்கிற்று. 1986-இல் நம் தமிழகத்தின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், மருத்துவர் மாமன் சாண்டியின் தலைமையில் இதற்கென ஒரு பிரிவு உருவாயிற்று. தலசீமியாக் குழந்தைகள் பலர் அங்கே மறுவாழ்வு பெற்றனர். மேலைநாடுகளில் மட்டுமே இயலும் என்றிருந்த ஒன்று, நம் ஊரார் இரவு வண்டி ஏறிச் சென்று சேரும் தொலைவுக்கு வந்தது.

முதற்பொருத்தம் எது?

குருத்தணு மாற்றில் முதற்கண் பார்க்க வேண்டுவது ஆண் பெண் வேறுபாடன்று. இரத்த வகையும் அன்று. எச்.எல்.ஏ. எனப்படும் திசுப் பொருத்தமே முதன்மையானது. நம் உடலணுக்களின் மேல் அமைந்துள்ள அடையாள முத்திரை போன்றது இது. தந்தையிடமிருந்து ஒரு பாதியும் தாயிடமிருந்து மறு பாதியும் பிள்ளைக்கு வருகின்றன. ஆகவே உடன்பிறந்தார் இருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உடன்பிறந்தார் ஒருவர் மட்டுமே இருப்பின் வாய்ப்பு நூற்றுக்கு 25. இருவர் இருப்பின் 44. மூவர் இருப்பின் 58. நால்வர் இருப்பின் 68. ஆறும் ஏழும் பிள்ளைகள் பிறந்த நம் பாட்டனார் காலத்தில் இம்மருத்துவம் இல்லை. மருத்துவம் வந்த காலத்திலோ வீட்டுக்கு ஒன்றும் இரண்டுமாகப் பிள்ளைகள் குறைந்துவிட்டனர்.

நெருங்கிய உறவில் வழிவழியாக மணம் முடிக்கும் குடும்பங்களில் உடன்பிறந்தாரைத் தவிர்த்த உறவினரிடமும் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. ஆனால் அதே வழக்கம் பரம்பரை இரத்த நோய்களையும் கூட்டுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் வழக்கம் அது என்பதை மூத்தோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

மருத்துவர் ஆண் பெண் பார்ப்பது ஏன்?

திசு முழுமையாகப் பொருந்திய பின்னரும் சில மாற்றுகள் பிழைபட்டன. அதன் காரணத்தை ஆராயப் புகுந்தபோதே ஆண் பெண் வேறுபாடு தலைகாட்டிற்று.

1955-இல் ஐக்வால்டு, சில்ம்சர் என்னும் இருவர் எலிகளிடம் ஒரு புதுமை கண்டனர். ஒரே குலத்து எலிகளில், ஆண் எலியின் தோலைப் பெண் எலிக்கு ஒட்டினால் உடல் அதைத் தள்ளிவிடுகிறது. பெண் எலியின் தோலை ஆண் எலிக்கு ஒட்டினாலோ ஏற்றுக்கொள்கிறது. காரணம் எளிது. ஆணுக்கு எக்ஸ், ஒய் என்னும் இரு குரோமோசோம்கள் உள; பெண்ணுக்கு எக்ஸ் மட்டுமே இரண்டு. ஒய் குரோமோசோம் உண்டாக்கும் சில புரதங்களைப் பெண்ணுடல் கண்டதில்லை. காணாததை அயலார் எனக் கொண்டு எதிர்க்கிறது. மாந்தரிடமும் இவ்வாறே நிகழ்வதை 1976-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் எல்ஸ் கூல்மி என்னும் பெண் அறிஞர் காட்டினார். மஜ்ஜை வற்றிய நோயுடைய பெண்ணொருத்திக்கு, திசு பொருந்திய ஆண் உடன்பிறப்பின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. உடல் அதை ஏற்கவில்லை. அவளுடைய வெள்ளையணுக்கள் ஆண் அணுக்களைத் தேடித் தாக்குவது ஆய்வில் வெளிப்பட்டது.

இது பெறுபவர் உடல் கொடையைத் தள்ளிய செய்தி. குருத்தணு மாற்றில் இதற்கு நேர்மாறானதும் நிகழும். வந்து குடியேறிய அணுக்கள் பெறுபவரின் தோலையும் ஈரலையும் குடலையும் அயல் எனக் கருதித் தாக்கத் தொடங்கும். வீட்டுக்கு வந்த விருந்தினரே வீட்டாருடன் பகை கொண்டாற்போன்ற நிலை அது. கொடுத்தவர் பெண்ணாகவும் பெற்றவர் ஆணாகவும் இருப்பின் இத்தாக்குதல் சற்று மிகுதி. அப்பெண் பிள்ளை பெற்றவராயின் இன்னும் கூடுதல். கருவிலிருக்கும் குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. பிள்ளைப்பேற்றுக்கு 27 ஆண்டுகள் கழித்தும் ஒரு தாயின் இரத்தத்தில் ஆண் அணு எஞ்சியிருந்ததை 1996-இல் அறிஞர் கண்டறிந்தனர். மகனைச் சுமந்த தாயின் உடல் ஆண் அணுவை அறிந்து, அதற்கு எதிராகப் பழகியும் வைத்திருக்கிறது.

இதில் ஒரு நன்மையும் மறைந்துள்ளது. வந்த அணுக்கள் நல்ல திசுக்களைத் தாக்குவது போலவே, எஞ்சி ஒளிந்திருக்கும் புற்றணுக்களையும் தாக்குகின்றன. ஆகவே பெண்ணிடமிருந்து பெற்ற ஆண்களுக்கு இரத்தப் புற்றுநோய் மீண்டும் வருதல் சற்றுக் குறைவு. தலசீமியா போன்ற நோய்களில் அழிக்கப் புற்றணு ஏதும் இல்லையாதலால் இந்நன்மைக்கு அங்கு இடமில்லை. எந்த நோய்க்கு எவர் கொடையாளர் என்பதை மருத்துவர் நோய்க்கு நோய் எடைபோடுவது இதனாலேயே.

எவ்வளவு எடை?

வேறுபாடு உண்டு என்பது தெளிவு. அதன் எடை எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி. 1998-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தனர். மதிப்பெண் கூடக் கூட ஆபத்துக் கூடும், உச்சம் 7. நோய் முற்றியிருந்தால் 2 வரை. நோயாளியின் வயது மிகுந்திருந்தால் 2 வரை. கொடையாளர் திசு பொருந்திய உடன்பிறந்தார் அல்லாதவராயின் 1. நோய் கண்டு ஓராண்டுக்கு மேல் தாமதித்தால் 1. பெண் கொடுத்து ஆண் பெற்றால் 1.

அந்நோய்க்கு இன்று மாத்திரைகளே பெரிதும் போதுமானவையாகிவிட்டன. தாமதத்தின் கணக்கும் நோய்க்கு நோய் மாறும். எனினும் அப்பட்டியல் புகட்டும் பாடம் பழையதாகவில்லை. தாமதத்துக்கு 1, பெண் கொடைக்கு 1. பெண் கொடுக்கலாமா, வேண்டாமா என்று வீட்டார் கூடிப் பேசியே ஓராண்டைக் கழித்தால், எந்த ஆபத்துக்கு அஞ்சினார்களோ அதே அளவு ஆபத்தைத் தாமே விலைக்கு வாங்கியவர் ஆகின்றனர். நோய் முற்றிவிட்டாலோ இருமடங்கு இழப்பு.

ஆகவே முறை இதுதான். முதலில் திசுப் பொருத்தம். பொருந்தியவர் ஒருவரே ஆயின், அவர் ஆணோ பெண்ணோ, மருத்துவர் நலமுடையவர் எனச் சான்றளித்தால் அவரே கொடையாளர். பொருந்தியவர் இருவர் மூவர் இருந்தால் மட்டுமே வயது, பாலினம், பிள்ளைப்பேறு, இரத்த வகை ஆகியவை கணக்கில் வரும். ஆண் நோயாளிக்கு, மற்றவை யாவும் ஒத்திருப்பின், இளைய ஆண் கொடையாளரையே மருத்துவர் விரும்புவர். பாதிப் பொருத்தத்திலேயே தாயோ தந்தையோ பிள்ளையோ கொடுக்கும் முறைகளும் இப்போது வந்துள்ளன. அங்கும் தேர்வுக்கு இடமிருந்தால் இந்நோக்கே வழிகாட்டுகிறது. மருத்துவத்தில் ஆண் பெண் என்னும் கேள்விக்கு உள்ள இடம் இவ்வளவே.

வீடு கேட்கும் கேள்வி

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நம் பகுதியில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இளைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய். மூத்த மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். அக்கா மணமாகி இரு பிள்ளைகளுடன் உள்ளூரில் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்குகிறாள். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். கொடையாளர் வேண்டும் என்றதும் வீட்டில் என்ன நிகழும்? "அவனுக்கு லீவு கிடைக்காது; வேலை போய்விடும்" என்று மூத்தவனின் பெயர் முதலிலேயே விடப்படும். "வயசுப் பொண்ணு, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று தங்கையின் பெயரும் நீக்கப்படும். எஞ்சியவள் அக்கா. அவளை எவரும் கேட்பதில்லை. அவள் கொடுப்பாள் என எல்லாரும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

இதில் இரு பிழைகள் உள்ளன. எச்.எல்.ஏ. சோதனை செய்யாமலேயே பெயர்களை நீக்கியது முதற்பிழை. பொருத்தமுள்ளவன் மூத்த மகனாகவே இருக்கலாம். அவ்வாறாயின் மருத்துவக் கணக்கில் அவனே சிறந்த கொடையாளன். இரு பிள்ளை பெற்ற அக்காவை முதலில் நிறுத்தியது இரண்டாம் பிழை. ஆண் நோயாளிக்கு, வேறு வழி இருக்கும்போது, மருத்துவர் கடைசியாக நாடும் கொடையாளர் அவளே. வசதியைக் கருதி வீடு தேர்ந்தவரும், பொருத்தத்தைக் கருதி மருத்துவம் தேர்பவரும் ஒருவரல்லர்.

தங்கையைக் குறித்த அச்சமும் ஆராயத்தக்கது. குருத்தணு கொடுத்த பெண் பலவீனப்பட்டுவிடுவாள், பிள்ளை பெறமாட்டாள் என்னும் பேச்சில் உண்மையில்லை. பெரும்பாலும் நான்கைந்து நாள் ஊசி போட்டுக் குருத்தணுக்களை இரத்தத்தில் பெருக்கி, கையிலுள்ள நரம்பின் வழியே எந்திரத்தால் சில மணி நேரத்தில் பிரித்தெடுக்கின்றனர். மீதி இரத்தம் உடலுக்கே திரும்பிவிடுகிறது. எலும்பு வலி, தலைவலி சில நாள் இருக்கும். சிலவேளை மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையை எடுப்பர். அவ்விடத்தில் சில நாள் வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். கிணற்றில் இறைத்த நீர் ஊறுவது போன்றதே இது. கருவுற்றிருக்கும் காலத்தில் மட்டும் கொடுத்தலாகாது. கடுமையான தீங்கு மிக அரிது. முற்றிலும் இல்லையென்று நாம் கூறவில்லை. அதற்காகவே கொடையாளரை முன்னதாக நன்கு சோதிக்கின்றனர்.

பெறுபவரைப் பற்றியும் ஓர் அச்சம் உண்டு. அண்ணனின் அணுவைப் பெற்ற தங்கைக்கு ஆண் தன்மை வந்துவிடுமோ என்று சிலர் ஐயுறுகின்றனர். வராது. அவளுடைய இரத்த அணுக்களில் ஒய் குரோமோசோம் காணப்படும். இரத்த வகையும் மாறலாம். அவளுடைய உடலமைப்பும் குரலும் இயல்பும் மாறா. உண்மையில் இவ்வேறுபாடு மருத்துவருக்கு ஓர் உதவி. பெண்ணின் இரத்தத்தில் ஒய் குரோமோசோமுடைய அணுக்களை எண்ணிப் பார்த்தே, வந்த அணுக்கள் நன்கு குடியேறினவா என்று அறிந்துகொள்கின்றனர்.

மூத்தோர் சிலருக்கு மார்க்கம் சார்ந்த ஐயமும் எழலாம். அன்னியப் பெண்ணின் குருத்தணு ஆணின் உடலில் சேர்ந்தால் பால்குடி உறவு போல் ஓர் உறவு உண்டாகிவிடுமோ என்பர். இரத்தம் ஏற்றுவதால் பால்குடி உறவு ஏற்படாது என மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை தெளிவுபடுத்தியுள்ளது. குருத்தணுவைப் பற்றி மேலும் ஐயமுடையோர் தம் ஊர் ஆலிம்களிடம் உடனே கேட்டுத் தெளிக. ஐயத்தைக் காரணம் காட்டி நாளைக் கடத்தற்க.

கொடுப்பவள் பெண், பெறுபவன் ஆண்

நம் கருத்தின் மையத்துக்கு வருகிறோம். சிறுநீரகம், ஈரல் முதலான உறுப்பு மாற்றுகளில் நம் நாட்டின் நிலை என்ன? தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் கணக்குப்படி, 1995 முதல் 2021 வரை நடைபெற்ற 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,000-க்கு மேற்பட்டவை ஆண்களுக்கு நடைபெற்றன. பெண்களுக்கு நடைபெற்றவை 7,000-க்கும் குறைவு. உயிரோடிருந்து உறுப்பு ஈவோரிலோ ஐவருள் நால்வர் பெண்கள். மனைவி கொடுக்கிறாள், தாய் கொடுக்கிறாள், அவளுக்கு நோய் வந்தால் கொடுப்பார் அரியர். குருத்தணு மாற்றுக்கு அழைத்து வரப்படும் குழந்தைகளிலும் ஆண் குழந்தைகளே மிகுதி என்பதை இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. நோய் அவ்வாறு பாகுபாடு செய்வதில்லை. செலவு செய்யும் கையே பாகுபாடு செய்கிறது.

தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் எனத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றி, எல்லாரும் உண்ட பின் எஞ்சியதை உண்ணும் பெண்ணிடம், அவள் உடல்நிலையைக் கேளாமலேயே இரத்தத்தின் வேரையும் கேட்கிறோம். அன்பின் பேரால் கேட்பதால் அது நியாயம் ஆகிவிடாது. கொடுக்க விருப்பமா என்று அவளைத் தனியே அழைத்துக் கேட்கும் கடமை மருத்துவமனைக்கு உண்டு. இல்லை என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. அவ்வுரிமையை மதிக்கும் கடமை நமக்கு உண்டு.

பெண்கள் கொடுக்கலாகாது என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. 1968-இல் மின்னசோட்டாவில் தம்பியைக் காத்தது தமக்கையின் மஜ்ஜையே. பொருத்தமுடையவள் அவள் ஒருத்தியே என்றால், அவள் மனமுவந்து கொடுப்பாளாயின், அக்கொடைக்கு ஈடில்லை. நாம் மறுப்பது வேறொன்றை. சோதனைக்கு முன்னரே ஆண்களை விலக்கிப் பெண்ணை முன்னிறுத்தும் வழக்கத்தையும், 'பெண் கொடுத்தால் ஆகாதாம்' என்று அரைகுறையாகக் கேட்டறிந்து இருக்கும் ஒரே வழியை அடைக்கும் அறியாமையையும் மறுக்கிறோம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. எனினும் ஒரே வீட்டில் இரண்டையும் காணலாம்.

இளைஞர் கடமை

குடும்பத்தில் பொருத்தம் இல்லாதார் வெளியாரையே நம்பியிருக்கின்றனர். 1974-இல் இலண்டனில் ஷெர்லி நோலன் என்னும் தாய், தம் மகன் அந்தோணியின் பொருட்டு உலகின் முதற் கொடையாளர் பதிவகத்தைத் தொடங்கினார். மகனைக் காக்க முடியவில்லை. அவன் பெயரால் அமைந்த பதிவகமோ பல்லாயிரவரைக் காத்துவருகிறது. இன்று உலகெங்கும் பதிவு செய்தோர் 4 கோடிக்கு மேற்பட்டோர். ஜெர்மனியில் மட்டும் 90 லட்சத்துக்கு மேல். நம் நாட்டில், 2009-இல் சென்னையில் தோன்றிய தாத்ரி பதிவகத்தில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர். 140 கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு இது போதுமா? திசு அடையாளம் இனவழி வருவதாதலால், தமிழ் நோயாளிக்குப் பொருத்தம் பெரும்பாலும் தமிழரிடமே கிடைக்கும். ஜெர்மானியரின் 90 லட்சம் நமக்குப் பெரிதும் உதவாது.

பதிவு செய்வது எளிது. 18 வயது நிறைந்து 50 வயதுக்கு உட்பட்ட நலமுடையோர், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்து அழைப்பு வந்தாலன்றி வேறொன்றும் செய்ய வேண்டுவதில்லை. அழைப்பு வரும் நாளில் பின்வாங்காத உறுதி ஒன்றே வேண்டும். நோயாளியின் மஜ்ஜையை அழித்த பின்னர்க் கொடையாளர் பின்வாங்கினால் அது கொலைக்கு ஒப்பாகும்.

மாணவிகளும் பதிவு செய்க. ஆயினும் நம் வேண்டுகோள் சிறப்பாக மாணவர்களை, அதாவது ஆண்களை நோக்கியது. இளைய ஆண்களின் கொடையையே மருத்துவர் மிகுதியும் நாடுகின்றனர் என்பதை மேலே கண்டோம். பிள்ளைப்பேற்றின் தடம் அவர்கள் இரத்தத்தில் இல்லை. ஆண், பெண் இருபாலார்க்கும் அவர்களின் கொடை பயன்படும். இதுவரை கொடுப்பது பெண்ணின் தொழில், பெறுவது ஆணின் உரிமை என்றிருந்தோம். மருத்துவ அறிவு அதனைத் தலைகீழாகத் திருப்பி, கொடுப்பதற்கு உன்னையே முதலில் தேடுகிறேன் என்று இளைஞனை நோக்கிக் கூறுகிறது. இவ்வழைப்பைத் தட்டிக்கழிக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

நம் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஆண்டுதோறும் இரத்ததான முகாம் நடத்துகின்றனர். அம்முகாமிலேயே குருத்தணுப் பதிவுக்கும் ஒரு மேசை இடலாம். ஜமாஅத் பெரியவர்களும் ஊர்ப் பெரியவர்களும் பெற்றோர் மனத்திலுள்ள அச்சத்தைக் களையலாம். குருத்தணு கொடுத்த பெண்ணைக் குறையுடையவளாக எண்ணாமல், பெருமையுடையவளாக மதித்துத் தம் வீட்டுக்குப் பெண் கேட்டுச் செல்லலாம். நோயுற்றது மகனாயினும் மகளாயினும் ஒரே பரிவோடு, ஒரே விரைவோடு, ஒரே செலவோடு மருத்துவம் பார்க்க உறுதி கொள்ளலாம்.

குற்றாலத்து அருவிக்கரையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் இருக்கட்டும். நோய்ப் படுக்கையில் கிடப்பவர்க்கு முன் நிற்கும்போது, கொடுக்கும் கடமையிலும் பிழைக்கும் உரிமையிலும் அப்பிரிவு வேண்டா. மருத்துவர் கேட்கும் ஆண் பெண் கேள்விக்கு மருத்துவரே விடை கூறட்டும். வீடு கேட்டுவந்த கேள்வியை நாம் கைவிடுவோமாக.